கட்டில் வண்டி

கட்டில் இருக்கிற வண்டி நடுவழியில் நின்றுபோய்விட்டது என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஜீப்போ லாரியோ நின்றால் "பாவம், வெயிலில் மாட்டிக்கொண்டான்" என்பார்கள். உள்ளே மெத்தையும் ஜன்னலுக்குத் திரையும் கை கழுவத் தொட்டியும் உள்ள வண்டி நின்றால், அது நின்றதா, நீ நிறுத்தினாயா என்றுதான் கேட்பார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில், திருச்சியில், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே என் தொண்டை வறண்டது.

அது ஒரு வெளிநாட்டு வேன். முன்னால் மூக்கே கிடையாது, முகம் சப்பட்டையாக இருக்கும். இன்ஜின் பின்னால். ஏதோ அணைக்கட்டு வேலைக்கு வந்த வெளிநாட்டு இன்ஜினீயர் ஒருவர், போகிற இடத்திலேயே தங்கிக்கொள்வதற்காக அதற்குள் கட்டிலும் மடக்கு மேஜையும் பொருத்தி வைத்திருந்தார். அவர் தன் ஊருக்குத் திரும்பியபோது எங்கள் கம்பெனி அதை வாங்கி என்னிடம் கொடுத்தது. பயிருக்கு அடிக்கிற பூச்சிமருந்தும், அதைத் தெளிக்கிற கைப்பம்பும் விற்கிற கம்பெனி. லால்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய், வயலில் இறங்கி மருந்தடித்துக் காட்டி, நேரமாகிவிட்டால் வண்டியிலேயே படுத்து எழுந்து, அடுத்த ஊருக்குப் போவது என் வேலை. டிரைவரும் நானே, விற்பனையாளனும் நானே.

அதற்கு முன் நான் பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் நாளெல்லாம் புடவையை விரித்துக் காட்டி மடித்து வைத்துக்கொண்டிருந்தவன். மாதச் சம்பளம், பேன்ட் சட்டை, கையில் ஒரு வண்டிச் சாவி என்று கிடைத்தபோது தலைகால் புரியவில்லை. அந்த வேலையைச் சொல்லித்தான் எனக்குப் பெண்ணே கொடுத்தார்கள். உறையூர்ப் பெண். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டை வாடகைக்கு எடுத்துக் குடித்தனம் வைத்தோம். வண்டி தெருவில் நிற்கும். போகிறவர் வருகிறவர் திரையை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, வீடு வாடகைக்கு எதுக்குங்க, இதுலயே இருந்துக்கலாமே" என்பார்கள். ஆரம்பத்தில் நானும் சிரித்தேன்.

முதல் தடவை வண்டி நின்றதற்குக் காரணம் பெட்ரோல்தான். அதில் சந்தேகமில்லை. கண்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு பங்கில் போட்ட பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தது. டோல்கேட் தாண்டியதும் இருமி இருமி நின்றது. டாங்கை முழுக்க இறக்கிப் பார்த்தபோது அடியில் பழுப்பாகத் தண்ணீர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நேரே பங்குக்குப் போய் ஊரைக் கூட்டினேன். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. "வண்டில ஒரு குறையும் இல்ல. அது குடிக்கிறதுலதான் கோளாறு. வாய்லதான் சனி புடிச்சிருக்கு" என்று மனைவியிடம் கத்தினேன். அவள் நிதானமாக, "அதுக்கு வாய் எங்க இருக்கு?" என்று கேட்டாள். வெளியே கூட்டிக்கொண்டு போய் வண்டியின் பின்பக்க ஓரத்தில் இருந்த பெட்ரோல் மூடியைக் காட்டினேன்.

வெள்ளிக்கிழமைதோறும் அவள் வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். அதுவரை முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் மூடிக்கும் ஒன்று வைத்தாள். நிலைப்படியில் இருக்கிற பொட்டை யார் தினமும் நின்று பார்க்கிறார்கள்? நானும் பார்க்கவில்லை.

வேறு பங்குக்கு மாறினேன். பெட்ரோலைத் துணி வைத்து வடிகட்டி ஊற்றச் சொன்னேன். ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு ஆரம்பித்தது பாருங்கள் கூத்து.

காலையில் வீட்டு வாசலில் சாவியைத் திருப்பினால் உடனே எடுக்கும். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, ஏதாவது ஓர் ஊரில் பத்து நிமிஷம் நிறுத்திவிட்டு, வேலையை முடித்துக்கொண்டு கிளப்புவேன். கிளம்பும். ஒரு கூப்பிடு தூரம் போகும். பிறகு இரண்டு குலுக்கு குலுக்கி நிற்கும். மறுபடி சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் உற்சாகமாகச் சுற்றும், இன்ஜின் மட்டும் எடுக்காது. நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னால் அவர்களுக்குத்தான் மூச்சு வாங்கும். பேட்டரி நன்றாக இருக்கிறது, பிளக்கில் பொறி வருகிறது, டாங்கில் பெட்ரோல் நிறைய இருக்கிறது. பின் ஏன் எடுக்கவில்லை? தெரியாது. வேர்த்து விறுவிறுத்து, கட்டிலில் போய்ச் சாய்வேன். ஒரு மணி நேரம் கழித்து, சும்மா திருப்பிப் பார்ப்போமே என்று திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் எடுத்துக்கொண்டு ஓடும்.

அந்த ஒரு மணி நேரத்தில் அந்த வழியாக எவனாவது ஒருவன் கட்டாயம் வருவான். புளியமரத்து நிழலில் வண்டி, திறந்த கதவு, உள்ளே மெத்தையில் நான். அவன் கண்ணில் வேறென்ன தெரியும்?

இப்படிப் பத்து மாதம். தினமும் நின்றிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். சனிக்கிழமை நிற்கும், புதன்கிழமை நிற்காது. டாங்க் நிறைய ஊற்றிக்கொண்டு தெம்பாகக் கிளம்பிய நாளில் நிற்கும். பெட்ரோல் அடியில் கிடக்கிறதே, போய்ச் சேருவோமா என்று பயந்துகொண்டே போன நாளில் நிற்காது. நிறைய ஊற்றினால் நிற்கிறதென்றால் பெட்ரோலில்தானே குறை என்று இரண்டாவது பங்குக்காரரோடும் சண்டை போட்டேன். மூன்றாவது பங்கில் என்னைக் கண்டாலே பம்ப் அடிக்கிறவர் தூரமாகப் போய் நின்றுகொண்டார்.

பாலக்கரையில் ஒரு மெக்கானிக் இருந்தார். நல்ல பேர் வாங்கியவர், வாயும் நீளம். இரண்டு தடவை, வண்டி நின்ற இடத்துக்கே அவரைப் பஸ்ஸில் வரவழைத்தேன். இரண்டு தடவையும் ஒரே கதை. வந்து இறங்குவார், பெட்ரோல் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார், மூடுவார், உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்புவார். வண்டி எடுத்துக்கொள்ளும். இரண்டாவது தடவை அவர் சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடி, "நல்லாத் தூங்குங்க, வேணாங்கலை. அதுக்கு என்னை எதுக்கு இழுத்தடிக்கிறீங்க?" என்றார். நான் அவரை அடிக்கப் போய்விட்டேன். பக்கத்து வயலில் இருந்தவர்கள் ஓடி வந்து பிடித்துக்கொண்டார்கள்.

அந்தச் செய்தி எனக்கு முன்னால் எங்கள் கம்பெனி டிப்போவுக்குப் போய்விட்டது. அங்கிருந்து மெட்ராஸுக்குப் போனது. மருந்தடித்துக் காட்டுகிற கூட்டத்துக்கு நான் வராமல் காக்க வைத்தேன் என்று கிராமத்து மிராசுதார் ஒருவரும் சொல்லியிருந்தார். மெட்ராஸிலிருந்து மேனேஜர் டிரங்க் கால் போட்டு டிப்போ கிளார்க்கிடம் பேசினார். கிளார்க் அதை என்னிடம் அப்படியே ஒப்பித்தார்: "வெள்ளிக்கிழமை நானே வரேன். அந்த வண்டியில உக்காந்து லால்குடி தாண்டி அந்த மிராசுதார் ஊர்ல மறுபடி போடற கூட்டத்துக்குப் போறேன். வழியில நின்னா அந்த ஆள் சாவியை அங்கேயே கொடுத்துட்டு இறங்கிக்கட்டும். பொய் சொல்றவன் எனக்கு வேண்டாம்."

வேலை போவது ஒரு பக்கம். பொய்யன் என்று முத்திரை குத்தி அனுப்பினால் வேறு எந்தக் கம்பெனி வாசலை மிதிப்பது? ஜவுளிக்கடைக்குத் திரும்பினாலும் முதலாளி முதலில் அதைத்தான் கேட்பார். எனக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. இல்லாததையெல்லாம் சந்தேகப்பட்டேன். பிளக் மாற்றினேன், கார்ப்பரேட்டரைக் கழற்றி ஊதினேன், பெட்ரோல் குழாயைக் கழற்றி வாயை வைத்து உறிஞ்சினேன், குமட்டிக்கொண்டு வந்தது. எல்லாம் சுத்தமாக இருந்தன. வியாழக்கிழமை சாயங்காலம் வண்டி முன்னால் நின்று, "ஏன் இப்படி என்னைக் கொல்ற?" என்று வாய்விட்டே கேட்டேன். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

அது ஆடி மாதம். மறுநாள் ஆடி வெள்ளி. நான் எழுந்தபோது மனைவி தலைக்குக் குளித்து, ஈரத்தலையோடு சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தாள். வெறும் சந்தனம் ஆடிக்காற்றில் காய்ந்து உதிர்ந்துவிடுகிறதென்று, கொஞ்ச நாளாகவே அதில் மஞ்சளைச் சேர்த்து, ஒரு சொட்டு நல்லெண்ணெயும் விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தாள். வண்டியின் தொந்தரவு கூடக்கூட அவளுடைய பொட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. அன்றைக்கு வைத்தது ஒரு ரூபாய்க் காசளவு இருந்திருக்கும்.

"இன்னிக்கு நிக்காதுங்க" என்றாள்.

"உனக்குச் சொல்லிச்சா?" என்றேன். நான் இருந்த நிலைமையில் அதற்குமேல் நல்ல வார்த்தை வரவில்லை.

ஜங்ஷனில் மேனேஜரை ஏற்றிக்கொண்டேன். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைப் பேன்ட், தடித்த கண்ணாடி, கையில் ஒரு தோல்பை. ஏறியதும் முதலில் திரும்பிப் பின்னால் இருந்த கட்டிலைத்தான் பார்த்தார். மெத்தையைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தேன். அவர் அதையும் பார்த்தார். முந்தைய நாளே டாங்கை நிரப்பியிருந்தேன், அவர் முன்னால் பங்கில் நிற்கும்படி ஆகக்கூடாதென்று.

காவேரிப் பாலத்தைத் தாண்டினோம். நுங்கும் நுரையுமாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, நான் கியர் மாற்றுவதையே பார்த்துக்கொண்டு வந்தார். ஸ்ரீரங்கத்தைக் கடந்தபோது எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இன்ஜின் சத்தம் சீராக இருந்தது. கொள்ளிடம் பாலத்தில் ஏறி, பாதி தூரம் போயிருப்போம்.

வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. எனக்கு அந்தக் குலுக்கல் தெரியும். காலை அழுத்தினேன். இன்னொரு குலுக்கு. பிறகு பாலத்தின்மேல் காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பாலம் குறுகல். பின்னால் லால்குடி பஸ் ஒன்று வந்து முட்டுகிறாற்போல் நின்று ஹாரன் அடித்தது. அதன் பின்னால் வைக்கோல் வண்டிகள். சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றியது, எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. கண்டக்டர் இறங்கி வந்து ஜன்னல் வழியாக, "கட்டில் வண்டியா? இன்னிக்குப் பாலத்துமேலயே படுக்கையா?" என்று கேட்டார். என்னை அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. மேனேஜர் காதிலும் அது விழுந்தது.

"பெட்ரோல் இருக்கா?" என்றார் மேனேஜர்.

"நேத்துதான் சார் ரொப்பினேன்."

"நானே பாக்கறேன்."

இறங்கிப் பின்பக்கம் போனார். நானும் இறங்கினேன். அவர் மூடியைப் பிடித்துத் திருகி இழுத்தார். அது லேசில் வரவில்லை. அவருடைய விரல்களை வெறுப்போடு பார்த்துக்கொண்டு நின்றேன். டாங்க் காலி, பெட்ரோலை விற்றுத் தின்கிறான் என்று நிரூபிக்கத்தான் இத்தனை பாடு என்று தெரிந்தது. இன்னொரு தடவை பலமாக இழுத்தார். உஸ்ஸென்று ஒரு சத்தம். அந்தக் காற்றிலும் எனக்கு அது கேட்டது. மூடி கையோடு வந்தது.

டாங்க் வாய் வரைக்கும் பெட்ரோல் தளும்பியது. அவர் முகம் இன்னும் கடுத்தது. மூடியைப் போட்டுவிட்டு, கையில் ஒட்டிய சந்தனத்தைக் கைக்குட்டையில் துடைத்தார். "எங்க, நான் திருப்பறேன்" என்று என் இடத்தில் ஏறி உட்கார்ந்தார். சில விநாடி ஸ்டார்ட்டர் சுற்றியது, பிறகு வண்டி எடுத்துக்கொண்டது.

கண்டக்டர் கைதட்டினார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் தலையை வெளியே நீட்டிச் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. நான் பக்கத்து ஸீட்டில் ஏறியதும் அவரே வண்டியை ஓட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டினார். டோல்கேட்டில் லால்குடி ரோட்டில் திரும்பி, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்தார்.

"நான் உக்காந்தா எடுக்குது. மெக்கானிக் உக்காந்தா எடுக்குது. உங்களுக்கு மட்டும் எடுக்காது, இல்ல?" சத்தம் போடவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "நான் பஸ்ஸில போய்க்கறேன். சாவியை டிப்போவில கொடுத்துடுங்க."

அவர் கதவைத் திறந்தார். எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் அந்த உஸ்ஸென்ற சத்தம் காதை விட்டுப் போகவில்லை. மூடியைத் திறந்தால் ஏன் சத்தம் வரவேண்டும்? மெக்கானிக் இரண்டு தடவையும் முதலில் செய்தது என்ன? மூடியைத் திறந்தார். இவர் செய்தது என்ன? மூடியைத் திறந்தார். நான்? பெட்ரோல் இருப்பது தெரிந்தவன் எதற்குத் திறக்கப் போகிறேன்?

அவரைத் தாண்டிப் பின்பக்கம் ஓடினேன். மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். உட்பக்கம், சரியாக நடுவில், மிளகளவு மஞ்சளாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. வெளியே வைத்த சந்தனம் உள்ளே எப்படி வந்தது? ஓர் ஈர்க்குச்சியால் குத்தினேன். குச்சி மறுபக்கம் வெளியே வந்தது. மூடியில் துளை இருக்கிறதென்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

"சார், உங்க வீட்ல எண்ணெய் டின் உடைப்பாங்களே, எத்தனை ஓட்டை போடுவாங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "என்னது?"

"ரெண்டு போடுவாங்க சார். ஒண்ணு எண்ணெய் வர, ஒண்ணு காத்து போக. ஒரே ஓட்டை போட்டா எண்ணெய் கொஞ்சம் வந்துட்டு நின்னுடும். இந்த மூடியில இருக்கறது காத்து போற ஓட்டை. இது அடைச்சிருக்கு. பெட்ரோல் போகப் போக டாங்க்குள்ள காத்து இல்லாம இழுத்துப் புடிக்குது. டாங்க் ரொம்பியிருந்தா சீக்கிரமே புடிச்சுக்குது. யாராவது மூடியைத் திறந்தா சரியாப் போயிடுது. திறக்காம விட்டா, ஓரமாக் கசிஞ்சு காத்து உள்ள போக ஒரு மணி நேரம் ஆவுது. அதுவரைக்கும் நான் படுத்துக் கிடப்பேன். அதைத்தான் சார் எல்லாரும் பாத்தாங்க."

சொல்லி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கதை நல்லாயிருக்கு" என்றார். "இத்தனை நாள் தோணாதது நான் இறங்கறப்போ தோணுதாக்கும்."

"ஓட்டையை மறுபடி அடைக்கறேன் சார். நீங்களே ஓட்டுங்க. நான் எதையும் தொடமாட்டேன். வழியில வண்டி நிக்கும். நீங்களே மூடியைத் திறங்க, எடுக்கும். நிக்காம ஊர் போய்ச் சேந்துச்சுன்னா, நான் பொய்யன்னு கூட்டத்துலயே சொல்லுங்க."

அவர் பஸ் வருகிற திசையைப் பார்த்தார். பிறகு கையை நீட்டிச் சாவியைக் கேட்டார்.

வாய்க்கால் ஓரத்தில் இருந்து ஈரக் களிமண்ணைக் கிள்ளி வந்து, துளையின்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். மனைவியின் சந்தனத்தில் மிச்சம் இருந்தது அதற்குள் புதைந்தது. மூடியை இறுக்கினேன். அவர் ஓட்டினார். நான் கையை மடிமேல் வைத்துக்கொண்டு, தப்பித்தவறிக்கூட எதிலும் படாமல் உட்கார்ந்தேன்.

வண்டி போயிற்று. அப்படி அழகாக அது என் கையில் ஒருநாளும் போனதில்லை.

இத்தனை நாளும் நிற்காதே நிற்காதே என்று கும்பிட்டவன், இப்போது நின்று தொலை என்று கும்பிட்டேன். பச்சையாகக் குறுவைப் பயிர், ரோட்டோரம் தளும்புகிற வாய்க்கால், குலைதள்ளிய வாழை. எதுவும் கண்ணில் நிற்கவில்லை. இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். சீராக இருந்தது. களிமண் காய்ந்து வெடித்துவிட்டதோ? சரியாக அழுத்தவில்லையோ? ஒருவேளை துளையே காரணமில்லையோ?

லால்குடி வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு, கடைத்தெரு, ரயில்வே கேட். கேட் திறந்தே இருந்தது. வண்டி குலுங்காமல் தண்டவாளத்தைத் தாண்டியது. மேனேஜர் என் பக்கம் திரும்பாமலே, "ஊர் இன்னும் எவ்வளவு தூரம்?" என்றார்.

"அதோ தெரியற தோப்புதான் சார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். தோப்புக்கு அடியில் பந்தலும் வெள்ளை வேட்டிகளும் தெரிந்தன. கூட்டத்துக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். என்னை அவர்கள் முன்னால் நிறுத்திப் பொய்யன் என்று சொல்லப் போகிறார். நானே வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது இருமியது.

மேனேஜர் காலை அழுத்தினார். இன்னொரு குலுக்கு. அவர் கியரை மாற்றினார், ஏதோ முணுமுணுத்தார், சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் சுற்றியது. மறுபடி திருப்பினார். மறுபடி. அவர் நெற்றியில் வேர்வை பூத்தது. பத்து மாதம் நான் பட்ட பாட்டை அவர் பட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். வண்டி நின்றதற்காக ஒருவன் அப்படிச் சிரித்து அந்த ஊர் பார்த்திருக்காது.

அவர் இறங்கினார். நான் இறங்கவில்லை, கையையும் மடியிலிருந்து எடுக்கவில்லை. பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. உஸ். பிறகு அவர் வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி எடுத்தது.

"சரி" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் நான் பத்து மாதமாகச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் நன்றாக நடந்தது. முடிந்ததும் மூடியில் இருந்த களிமண்ணைக் குத்தி எடுத்துவிட்டு, அவரை லால்குடி ஸ்டேஷனில் இறக்கிவிட்டேன். ரயில் வருவதற்கு முன், "அந்தச் சந்தனம் யார் வெச்சது?" என்று கேட்டார்.

"வீட்ல, சார்."

அவர் கைக்குட்டையை எடுத்து அதில் இருந்த மஞ்சள் கறையைப் பார்த்தார். "மூடி அடைச்சிருந்ததுன்னு மட்டும் டிப்போவில சொல்லுங்க. எதனால அடைச்சுதுன்னு யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றார். பிறகு, "எங்க வீட்லயும் வெள்ளிக்கிழமையானா காருக்கு வெப்பாங்க. போய்ப் பாக்கணும்" என்றார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் மனைவியிடம் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்தேன். பாராட்டுக்கு அல்ல, சண்டைக்கு. அவள் பொட்டினால் என் பிழைப்பே போகவிருந்தது. மூன்று பங்குக்காரர்களோடு பகை, மெக்கானிக்கோடு அடிதடி, ஊரெல்லாம் தூங்குமூஞ்சிப் பட்டம். வாயில் சனி என்று சொல்லி அந்த மூடியைக் காட்டியது நான்தான் என்பது கொள்ளிடம் பாலத்தில் வரும்போது ஞாபகம் வந்தது. அதற்காகக் கோபம் குறைந்துவிடவில்லை, இன்னும் கொஞ்சம் ஏறியது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்குப் போனேன். வண்டிச் சத்தம் கேட்டு அவள் வாசலுக்கே வந்துவிட்டாள். முகம் வாடியிருந்தது.

"நின்னுச்சா?" என்றாள்.

"நின்னுச்சு. ரெண்டு தடவை."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப வேலை?"

"இருக்கு. அவர் நம்பிட்டார்."

அவள் உள்ளே போனாள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே போனேன், சண்டையை எந்த இடத்தில் ஆரம்பிக்கலாம் என்று பார்த்துக்கொண்டே. அடுப்பு மூட்டியிருக்கவில்லை. காலையில் எனக்கு வைத்த தோசையில் மிஞ்சியது மூடியபடி அப்படியே இருந்தது.

"நீ சாப்பிடலையா?"

"வண்டி வரட்டும்னு இருந்தேன்" என்றாள். "எல்லா வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் இருக்கேன். அது முதல்ல நின்னதிலேருந்து." தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு துண்டைப் பிய்த்துக் கையில் வைத்தபடியே, "அவர் இப்பத்தான் நம்பினார். நான் என்னிக்கு நம்பாம இருந்தேன்?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். ஒருநாளும், வண்டி நிஜமாகவே நின்றதா என்று அவள் கேட்டதில்லை. கேட்காதவள் அவள் ஒருத்திதான். ஊரெல்லாம் என்னைப் பொய்யன் என்றபோது, அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் சந்தனத்தை அரைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, ஆறிப்போன அந்தத் தோசையில் நானும் ஒன்று எடுத்துத் தின்றேன்.

மறுநாள் காலையில், அவள் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்த நேரத்தில், மூடியைக் கழற்றி, ஓரத்தில் பொட்டு எட்டாத இடமாகப் பார்த்து, ஆணியை வைத்து இன்னொரு துளை போட்டேன்.

வண்டி அதற்குப் பிறகு நிற்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வழக்கம்போல் மூடியின் நடுவில் பொட்டு வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்து, "பாத்தீங்களா, அம்மன் கண்ணைத் திறந்துட்டா" என்றாள். என் பேச்சை யாராவது நம்பவில்லையென்றால் நடுரோட்டில் சட்டையைப் பிடிக்கிற ஆள் நான்.

"ஆமா" என்றேன்.